பாதையில் விட்டுவந்த கோப்பு

மருமகளுக்கு,

சனிக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் சந்தைக்குள் நின்றேன். "மாமா, என்ட லெப்டொப்பில நல்லா ஓடினது, மில்லில வெறும் வெள்ளைத் திரை" என்றது மட்டும்தான் விளங்கியது. உன்னைப்போல் பென் ட்ரைவோடு அலைகிற பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள் என்பதால், பதிலை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபிக்காதே.

பில் போட நீ கோ மொழியில் எழுதிய புரோகிராமில், சம்மாந்துறை நெல் மில்லுக்கு நீ கொண்டுபோனது எக்ஸி கோப்பை (ஓடுகிற கோப்பு) மட்டும். பில்லின் அமைப்பையும் தோற்றத்தையும் பிரவுசருக்குச் சொல்லும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், தமிழ் எழுத்துரு எல்லாம் உன் லெப்டொப்பிலேயே இருந்துவிட்டன. போல்டரோடு கொப்பி பண்ணியிருந்தாலும் தப்பியிருப்பாய் என்று நினைக்காதே. புரோகிராமுக்குள் "டெம்ப்ளேட்ஸ்" என்று நீ சும்மா எழுதிவைத்த கோப்புப் பாதையை, புரோகிராம் தனக்குப் பக்கத்தில் தேடாது. எந்த போல்டரில் நின்று அதைத் தொடக்கினார்களோ அங்கேதான் தேடும். தானாகத் தொடங்கட்டும் என்று விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் போட்டு, இடத்தைச் சொல்லாமல் விட்டால், விண்டோஸின் சிஸ்டம்32 போல்டருக்குள் போய் உன் பில்லைத் தேடிக்கொண்டிருக்கும்.

பாதை என்றதும் எனக்கு வேறு பாதைதான் ஞாபகம் வருகிறது. மண்முனைப் பாலம் திறந்தது 2014 இல். அதற்கு முன் மட்டக்களப்பின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவதென்றால் மோட்டார் சைக்கிளைப் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர்) ஏற்றி ஆற்றைக் கடக்கவேண்டும். 2011 இல் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு மில்லுக்கு நெல் கணக்குப் புரோகிராம் செய்து கொடுத்தேன். விஷுவல் பேசிக் 6, அதாவது வீபீ6 மொழி; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துரு. போட்டுக் கொடுத்து, தேத்தண்ணி குடித்து, திரும்பப் பாதை ஏறி வீட்டுக்கு வந்தால் முதலாளியின் அழைப்பு: "தம்பி, பில்லு இங்கிலீசில வருது!" பாமினி கோப்பை நான் கொண்டுபோகவே இல்லை. பாமினி இல்லாத கணினியில் "நெல்" என்ற சொல் என், ஈ, வை, அரைப்புள்ளி என்று நிற்கும். அடுத்தநாள் ஒரு சின்ன எழுத்துருவுக்காக மறுபடியும் பாதை. வீபீயிலேயே ரிசோர்ஸ் கோப்பு என்று ஒன்று இருந்தது, எக்ஸிக்குள் எதையும் வைத்து அனுப்பலாம். எனக்குத்தான் தெரியாது.

உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கோ மொழியில் 2021 பெப்ரவரியில் வந்த 1.16 பதிப்புடன், கோப்புகளை எக்ஸிக்குள்ளேயே வைக்கும் இந்த வசதி கூடவே வருகிறது. அதற்கு முன் கோ-பின்டேட்டா மாதிரிக் கருவிகள் கோப்பை எல்லாம் ஒரு பெரிய கோ கோப்பாக எழுதித் தரும். எதையாவது மாற்றிவிட்டு அதை ஓட்ட மறந்தால் பழைய பில்தான் வரும். இப்போது எம்பெட் பொதியை இம்போர்ட் பண்ணி, மாறிக்கு (வேரியபிள்) நேர் மேலே இரண்டு சாய்கோடு, கோ, முக்காற்புள்ளி, எம்பெட், பிறகு போல்டரின் பெயர். அவ்வளவுதான். சாய்கோட்டுக்கும் கோவுக்கும் நடுவில் இடைவெளி விடாதே, விட்டால் அது வெறும் குறிப்பாகிவிடும். ரஸ்ட் மொழியிலும் இப்படி உண்டு, சி மொழிக்கும் அதன் சி23 பதிப்பில் வந்துவிட்டது.

என்னை அரைநாள் அலைக்கழித்த ஒன்றைச் சொல்கிறேன். போல்டர் பெயரைக் கொடுத்தால், கீழ்க்கோட்டிலோ புள்ளியிலோ தொடங்கும் கோப்புகளை அது சத்தமில்லாமல் விட்டுவிடும். என்னுடைய தலைப்பகுதி வார்ப்புரு கீழ்க்கோட்டில்தான் தொடங்கியது. கொம்பைல் ஆகும் (எக்ஸியாகக் கட்டுப்படும்), ஓடும், பில்லின் தலை மட்டும் இருக்காது. 1.18 இலிருந்து போல்டருக்கு முன்னால் "ஆல்" என்றும் முக்காற்புள்ளியும் போட்டால் அவையும் வரும். அப்புறம், மேல் போல்டருக்கு ஏறும் இரட்டைப் புள்ளி அங்கே செல்லாது.

ஒவ்வொரு நிறமாற்றத்துக்கும் கொம்பைல் பண்ணிச் சலிக்காதே. வேலை செய்யும்போது வட்டிலிருந்து வாசிக்கிற டிர்எஃப்எஸ், மில்லுக்கு அனுப்பும்போது உள்ளே வைத்தது. இரண்டுக்கும் ஒரே இடைமுகம், ஒரு சுவிட்ச் வைத்தால் போதும். உள்ளே வைத்த கோப்புக்கு மாற்றிய நேரம் கிடையாது என்பதையும் மறக்காதே. பிரவுசர் தன்னிடம் உள்ளதைப் புதியதா பழையதா என்று கேட்க வழியில்லாமல் ஒவ்வொரு முறையும் முழுதாக இழுக்கும். ஒரே கணினி என்றால் பரவாயில்லை. மேசைக்கு மேசை வைஃபையில் திறக்கிறார்கள் என்றால் கோப்பு மாறியதா என்று பிரவுசர் அறிய உதவும் ஈடேக் என்ற அடையாளம் ஒன்று நீயே போடு.

எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிடாதே என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. உன்னுடைய சாமான் உள்ளே, மில்காரருடைய சாமான் வெளியே. பில்லின் அமைப்பு, எழுத்துரு உன்னுடையவை. நெல் விலை, லோகோ, டேட்டாபேஸ் அவருடையவை. விலை மாறுகிற அன்றைக்கெல்லாம் நீ புது எக்ஸி கட்டி அனுப்பப்போகிறாயா? உள்ளே வைத்ததை ஓடும்போது மாற்றவே முடியாது. கடவுச்சொல்லையும் வைக்காதே, எக்ஸியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் வாசித்துவிடுவான். நீ எடுத்துவைத்த அந்தச் செய்முறை வீடியோவும் வேண்டாம். கோ எதையும் சுருக்காது, அதன் எடை அப்படியே எக்ஸியில் ஏறும்.

திங்கட்கிழமை அனுப்புமுன் எக்ஸியை மட்டும் வேறு யாருடைய கணினியிலாவது, வெறும் போல்டர் ஒன்றில் வைத்து ஓட்டிப் பார். மறுகா, மில்லில் கிடக்கிற பழைய போல்டரை அழித்துவிடாதே. அவர்களின் இந்தப் போகத்துக் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது.

மாமா