பாஸ்ஜீன் பிரிவுக்குப் போயிருக்கும் என் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

உன்னைப் பாஸ்ஜீன் என்ற விஷவாயு தயாரிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று போனில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. பேசியிருந்தால் "வேலையை விட்டுவிட்டு வா" என்றுதான் வாயில் வந்திருக்கும். ஆசைப்பட்டுப் படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை, அப்படிச் சொல்வது நியாயமில்லை. அதனால் நெஞ்சுநோய் வார்டில் நர்ஸாக இருந்தவளாக, சொல்ல வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

கார்பன் மோனாக்சைடையும் குளோரினையும் சேர்த்து அதைத் தயாரிக்கும் விவரமெல்லாம் என்னைவிட உனக்குத்தான் தெரியும். உடம்புக்குள் போனபின் நடப்பதை நான் சொல்கிறேன்.

அம்மோனியா கசிந்தால் கண்ணும் மூக்கும் தொண்டையும் உடனே எரியும். யாரும் அங்கே நிற்க மாட்டார்கள். பாஸ்ஜீன் அப்படியில்லை. ஈரத்தில் அவ்வளவாகக் கரையாததால் தொண்டையை லேசாகக் கரகரக்க வைத்துவிட்டு, மூச்சோடு நுரையீரலின் கடைசிவரை போய்விடும். அங்கே காற்றுப்பைக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லை. அதன் புரதங்களைப் பாஸ்ஜீன் சிதைத்துவிடுகிறது. ரத்தத்திலுள்ள நீர் மெல்ல மெல்லக் காற்றுப்பைகளுக்குள் இறங்குகிறது. நிறைய சேர்ந்த பிறகுதான் மூச்சு முட்டும். அப்புறம் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும்.

இந்த இடைப்பட்ட நேரம்தான் எனக்குப் பயம். அரை மணியிலிருந்து ஒரு நாள்வரை, சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார், இருமல்கூட நின்றிருக்கும். முதல் உலகப் போரில் இதைச் சுவாசித்துவிட்டு ஒன்றும் ஆகாதவர்போல நடமாடிய சிப்பாய்கள் மறுநாள் செத்துப்போனார்கள். 2010 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பெல் என்ற ஊரின் டூபாண்ட் ஆலையில், ஒரு ஹோஸ் பிய்ந்து தொழிலாளி ஒருவர்மேல் பாஸ்ஜீன் தெறித்தது. அவரும் மறுநாள் இறந்தார். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டிய ஹோஸை ஏழு மாதமாக மாற்றாமல் வைத்திருந்தார்களாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அறுத்த புல் காய்கிற மாதிரி வாசனை வரும் என்பார்கள். மூக்குக்குத் தெரிய வரும்போதே அளவு 0.1 பிபிஎம், அதாவது காற்றில் கோடியில் ஒரு பங்கு, என்ற வரம்பைத் தாண்டியிருக்கும். மூக்கை நம்பாதே, இந்த வாயு பட்டால் நிறம் மாறும், சட்டையில் மாட்டும் பேட்ஜைப் பார். அது நிறம் மாறியிருந்தால், ஷிப்ட் முடிந்தது என்று ரூமுக்குக் கிளம்பிவிடாதே. படி ஏறக்கூட வேண்டாம். உடம்பை அலட்டினால் நிலைமை மோசமாகும். படுத்துக்கொள், ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோகச் சொல். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றால் எழுந்துவிடாதே. சில மணி நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆக்ஸிஜன், ஓய்வு, முற்றினால் வென்டிலேட்டர், அவ்வளவுதான். சீக்கிரம் போய்ச் சேர்வது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர், எதுக்கு பெட்டு?" என்று கூச்சப்படுகிறவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீயும் அந்த ரகம்தான். சின்ன வயதில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். இந்த விஷயத்தில் அந்தக் கூச்சம் வேண்டாம் கண்ணு.

அப்புறம் உன்கீழ் வேலை செய்கிற கான்ட்ராக்ட் ஆட்கள். அரைநாள் கூலி போய்விடும் என்று அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். கூலி பிடிக்கமாட்டோம் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவை. நீ இன்ஜினியர், நீ கேட்டால் மேலே காதில் விழும். வெல்டர்களிடமும் சொல்: எண்ணெய்ப்பிசுக்கு எடுக்கும் குளோரின் சேர்ந்த கரைப்பானால் துடைத்த இரும்பை ஈரம் காயாமல் வெல்டிங் செய்தால் அங்கேயே பாஸ்ஜீன் உண்டாகும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்கு இரண்டு விவரம் வேண்டும். பக்கத்தில் வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரி எது, ராத்திரி ஷிப்டில் அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் பேட்ஜ் தருகிறார்களா?

அன்புடன்,
அம்மா