வேகத்தைப் பார்த்து ரைஃபிள் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டைக்கும் குறிசுடுதலுக்கும் ஏற்ற ரைஃபிள்கள் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பட்டியல் வந்திருந்தது. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் எதிரே நொடிக்கு இத்தனை அடி வேகம் என்று போட்டு, வேகம் கூடியதை மேலேயும் குறைந்ததைக் கீழேயும் அடுக்கியிருந்தீர்கள். அந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தால் குறிசுடுதலுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும். பட்டியலைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், வேட்டை ரைஃபிளையும் குறி ரைஃபிளையும் ஒரே பட்டியலில் வைக்க முடியாது. வேட்டை ரைஃபிள் தோளில் தொங்கவிட்டு நாள் முழுக்க நடப்பதற்கானது. எடை மூன்று, மூன்றரை கிலோவுக்குள் இருக்கும். கால் இடறினாலும் வெடித்துவிடக் கூடாது என்பதால் விசை (விரலால் இழுக்கும் டிரிகர்) ஒரு கிலோவுக்கு மேல் அழுத்தம் கேட்கும். குழல் மெலிசு. குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் தோட்டா சரியாகப் போனால் அதன் வேலை முடிந்தது. நாலைந்து தோட்டா தொடர்ந்து போனால் குழல் சூடேறி, படும் இடம் நகர ஆரம்பிக்கும். குறி ரைஃபிளோ நின்ற இடத்தில் நின்று, அறுபது முறை ஒரே துளையில் போட வேண்டியது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் 5.5 கிலோ வரை எடை வைத்துக்கொள்ளலாம். ஏர் பிஸ்டலுக்கு விசை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நூறு கிராமுக்கும் கீழே வைத்துச் சுடுபவர்களே அதிகம். நீங்கள் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டிருக்கும் .315, இஷாப்பூர் தொழிற்சாலையின் லீ-என்ஃபீல்டு வகை ரைஃபிள். ராணுவ அளவான .303 தனியாருக்குக் கூடாது என்றிருந்ததால் அளவை மாற்றிச் செய்தது. உறுதியான கருவிதான், ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வேட்டை என்ற சொல்லையே அந்தப் பக்கத்தில் போட்டிருக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காடை, கௌதாரி, முயல், கொக்கு எதையும் சுடக் கூடாது. சுட முயல்வதும் காயப்படுத்துவதும்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. 'லைசென்ஸ் வேண்டாம், ஆகவே சின்னப் பறவைகளுக்கு ஏற்றது' என்று உங்கள் பெட்டிச் செய்தி இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. உரிமம் வேண்டாம் என்பது வைத்திருப்பதற்குத்தான், பறவையைச் சுடுவதற்கு அல்ல. இந்தக் குழப்பம் எவ்வளவு பறவைகளை அழிக்கும் என்று கண்டுதான் அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர்கன்களைத் தாமாகவே ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

இனி வேகம். ஒலிம்பிக்கில் சுடும் ஏர் ரைஃபிளிலிருந்து குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. அடியில் சொன்னால் ஐந்நூற்று ஐம்பதைச் சொச்சம். அரை கிராமை விடக் கொஞ்சம் கூடுதலான குண்டுக்கு அது ஏழரை ஜூல். கடை அட்டைப்பெட்டியில் ஆயிரம் அடி என்று அச்சிட்டிருக்கும் ஸ்பிரிங் துப்பாக்கி இதைவிடப் பலமானது. ஆனால் பத்து மீட்டரில் பலத்துக்கு வேலையே இல்லை. அந்த ஆயிரமும் பெரும்பாலும் ஈயத்தைவிட எடை குறைந்த உலோகக் குண்டை வைத்து எடுத்த கணக்கு. வேகம் கூடக் கூட ஸ்பிரிங்கும் பிஸ்டனும் பெரிதாகின்றன, உதறல் கூடுகிறது, குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே ரைஃபிள் நகர்ந்துவிடுகிறது. கெடுதல் அங்கேதான். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளிக்கான வெள்ளைப் பொட்டு அரை மில்லிமீட்டர். ஒன்பதாம் வளையம் 5.5 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அறுபது குண்டுக்கு 630.7 எடுத்தார் (நடுவை நெருங்க நெருங்கப் பத்துக்கு மேலும் தசமப் புள்ளி கிடைக்கும்). சராசரி 10.5. அதாவது குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. அதற்கும் கிடைத்தது பத்தாம் இடம்; இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. இந்த அளவில் விளையாடும்போது வேகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

ஏர் ரைஃபிளில் மூன்று வகை. ஸ்பிரிங் வகையில் குழலை மடித்தோ பக்க நெம்புகோலை இழுத்தோ ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். இரண்டாவதில் ஒரே இழுப்பில் காற்றை அடைத்துச் சுடலாம், உதறல் கிடையாது. மூன்றாவது பிசிபி, உருளையில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய காற்றில் இயங்குவது. போட்டிகளில் இன்று இதுதான். ஃபைன்வெர்க்பாவ் 800, வால்தர் எல்ஜி400, அன்ஷூட்ஸ் 9015 எல்லாமே பிசிபிதான். இவற்றுக்குள் எது சிறந்தது என்ற வாதம் சுடுதளத்து டீக்கடைக்கு நல்ல பொழுதுபோக்கு. வைஸில் (பட்டறை இறுக்கியில்) பிடித்துச் சுட்டால் மூன்றும் ஒரே துளையைத்தான் போடும். உள்நாட்டில் ப்ரெசிஹோல் நிறுவனமும் இந்த வகையில் செய்கிறது. தொடங்கும் பிள்ளைக்கு லட்சங்கள் கொடுத்து இறக்குமதி ரைஃபிள் வாங்கும் அவசரம் எதுவும் இல்லை.

ஸ்பிரிங் ரைஃபிளில்தான் பழகப் போகிறோம் என்றால் சிலவற்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் உதறும், முடிவில் முட்டி நிற்கும்போது முன்னால் உதறும். இரண்டு உதறலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். அதற்கு இடது கை கட்டையின் ஒரே இடத்தில், தளர்வாக இருக்க வேண்டும். ஓரங்குலம் மாறினாலும் படும் இடம் மாறும். கட்டைத் திருகாணிகள் சில நூறு குண்டுகளில் தளர்ந்துவிடும். 'ரைஃபிள் கெட்டுப்போச்சு' என்று கொண்டுவருவதில் பாதி இந்தத் திருகாணிதான். குண்டு போடாமல் விசையை இழுக்காதீர்கள்; தடுக்கக் காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும், சீல் நசுங்கும். எண்ணெய் போட்டால் நன்றாக ஓடும் என்று காற்றறைக்குள் மெஷின் ஆயில் விட்டால், அழுத்தத்தில் அது டீசல் இன்ஜின் போலப் பற்றி வெடிக்கும். புகையும் சத்தமும் வந்தால் ரைஃபிள் பலமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், சீல் எரிகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பொருத்தம். முழங்கையை மடித்து, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்துகொள்ளுங்கள். தோளில் பதியும் பின்கட்டையின் முனையிலிருந்து விசை வரையிலான நீளம் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். நீளம் கூடினால் பிள்ளை முதுகைப் பின்னால் வளைத்து, விசையை எட்டிப் பிடிக்கும். குறைந்தால் மூக்கு கட்டைவிரலில் இடிக்கும். பிறகு கன்னக்கட்டை. கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகச் சாய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும், கண்ணருகே உள்ள பின் குறியின் துளை நடுவில் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோதான் தெரிகிறது என்றால் கன்னக்கட்டையைத்தான் திருத்த வேண்டும், பிள்ளையின் கழுத்தை அல்ல. எடை விஷயத்தில் எங்கள் கருத்து கடுமையானது: முப்பத்தைந்து கிலோப் பிள்ளையின் கையில் ஐந்து கிலோ ரைஃபிள் கொடுப்பது அநியாயம். நின்று சுடும் நிலையில் இடுப்பு முன்னே தள்ளி, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து அந்த எடையைத் தாங்குகிறது. வளரும் எலும்புக்கு அது வினை. மூன்று, மூன்றரை கிலோ ஜூனியர் ரைஃபிள்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. அதுவும் கனம் என்றால் முட்டுக்கட்டை மேல் வைத்துப் பழகட்டும். அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

பின் குறி விஷயத்தில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. டயாப்டர் எனப்படும் ஜெர்மானியப் பின் குறிகளின் திருகில் 'எச்', 'டி', 'ஆர்', 'எல்' என்று எழுத்துகள் இருக்கும். உயரம், தாழ்வு, வலம், இடம் என்பதற்கான ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. குண்டை உயர்த்த வேண்டுமானால் 'எச்' பக்கம் திருப்ப வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார். உண்மை நேர்மாறு. குண்டு உயரப் பட்டிருந்தால் 'எச்' பக்கம் திருப்ப வேண்டும், அது கீழே இறங்கும். வலப்பக்கம் பட்டிருந்தால் 'ஆர்' பக்கம். எழுத்து தப்பைச் சொல்கிறது, மருந்தைச் சொல்வதில்லை. போட்டிக்கு முந்தைய பதினைந்து நிமிடத்தில் இதைத் தப்பாகத் திருப்பி, பதறி மறுபடி திருப்பி, நேரத்தைத் தொலைக்கும் பிள்ளைகள் ஏராளம். குழல் முனையிலுள்ள முன் குறியின் வளையத்தையும் சிறிதாக வைக்காதீர்கள். இலக்கின் கறுப்பைச் சுற்றி வெள்ளை மெலிதாகத் தெரிந்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். நடப்பது, சிறு ஆட்டமும் பெரிதாகத் தெரிந்து, பிள்ளை நடுவைத் துரத்தி விசையை வெடுக்கென்று இழுப்பது. நாலு மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, ஆட்டம் அடங்கியபின் குறைத்துக்கொள்ளலாம்.

குண்டுக்கு வருவோம். தலை தட்டையான ஈயக் குண்டுதான் போட்டிக் குண்டு. அட்டையில் வட்டமாக, சுத்தமாக வெட்டும். ஒரே பெயரில், ஒரே விலையில் தலையளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தனித்தனி டப்பாக்கள் வரும். எது உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்பதைக் குழல்தான் சொல்லும். ரைஃபிளை மெத்தை வைத்த வைஸில் பிடித்து, ஒவ்வோர் அளவிலும் பத்துப் பத்தாக ஐந்து அட்டை சுட்டுப் பாருங்கள். ஓர் அட்டையில் அழகாக விழுந்துவிட்டது என்று ஏமாற வேண்டாம், ஐந்தில் மோசமானதைப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஒத்துவந்த டப்பாவின் தொகுதி எண்ணைக் குறித்து, அதே எண்ணில் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிவையுங்கள். கீழே விழுந்த குண்டை எடுத்துப் போடாதீர்கள், அதன் பாவாடை போன்ற பின் ஓரம் நசுங்கியிருக்கும். குண்டு ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவாமல் பிள்ளைகள் தின்பண்டத்தைத் தொடக் கூடாது. குண்டை வாயில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

பிசிபி வைத்திருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றி. நிதானமாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் உருளை சூடேறி மானி 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரம்தான் எதிரி. ஈரம் வடிக்கும் வடிகட்டி இல்லாத கைப்பம்பில் நிரப்பினால் தண்ணீர் உள்ளே தங்கி, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் துருப்பிடிக்கும். அதன் அறிகுறி, பக்கவாட்டில் சரியாக இருக்கும் குண்டுகள் மேலும் கீழுமாகக் கோடு போடுவது. மானி 70, 80 பாருக்குக் கீழே போகும் முன் நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழும், பிள்ளை தன் மேல் பழி போட்டுக்கொண்டு பின் குறியைத் திருப்பும். உருளையில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். அதிலிருந்து பத்தாண்டு தாண்டினால் சர்வதேசப் போட்டிகளில் அனுமதி இல்லை. பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் முதலில் அந்தத் தேதியைப் படியுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் நிரம்பிய உருளையை விட்டுச் செல்லக் கூடாது. வெல்டிங் பட்டறையிலோ மருத்துவமனையிலோ உள்ள ஆக்ஸிஜனை எந்த நாளும் நிரப்பக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கும் ஆக்ஸிஜனும் அந்த அழுத்தத்தில் சந்தித்தால் வெடிப்புதான்.

வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் ஐம்பது மீட்டர் .22 ரைஃபிள் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியில் ஒரு திருத்தம். அதற்கு உரிமம் கட்டாயம் வேண்டும். உரிமம் இல்லாதவர்கள் ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகி அங்குள்ள ரைஃபிளில் பழகலாம். அங்கேயும் வேகம் கூடிய தோட்டா வேண்டாம். ஒலி வேகத்துக்குச் சற்றுக் கீழே கிளம்பும் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடைப் போட்டித் தோட்டாதான் ஐம்பது மீட்டர் வரை நிலையாகப் போகும். ஒலி வேகத்தைத் தாண்டிக் கிளம்பும் தோட்டா, வழியில் மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது தள்ளாடும். காற்றிலும் கூடுதலாக ஒதுங்கும். குழலை எப்போதும் பின்புறத்திலிருந்தே துடையுங்கள். வாய்ப்பக்கமாகத் தடியை நுழைத்தால், தோட்டா கடைசியாகத் தொட்டுக் கிளம்பும் விளிம்பு தேயும். எத்தனை விலைகொடுத்த குழலும் அத்தோடு போயிற்று.

அடுத்த முறை இந்தப் பட்டியலை அச்சிடும்போது வேகப் பத்தியை நீக்கிவிட்டு, எடை, விசைக்கு உள்ள நீளம், கன்னக்கட்டை ஏறி இறங்குமா, உருளையின் தேதி என்ற நான்கையும் போடுங்கள். 'சின்னப் பறவைகளுக்கு ஏற்றது' என்ற பெட்டிச் செய்திக்கு மட்டும் அதுவரை காத்திருக்காமல், இந்த வாரமே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிற்றுநர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.