செந்திலுக்கு, வீட்டுச் செலவு பற்றி

அன்புள்ள செந்திலுக்கு,

"அப்பா ஒருத்தர் சம்பளத்துல எப்படிம்மா ஓட்டுனீங்க? நாங்க ரெண்டு பேர் சம்பாதிச்சும் இருபத்தஞ்சாம் தேதி ஆனா கையைப் பிசையுறோம்" என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காலத்தைக் காட்டி உன்னைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு வாடகை கிடையாது, தாத்தா கட்டிய வீடு. அரிசியும் உளுந்தும் ஊரிலிருந்து வந்துவிடும். உனக்குச் சம்பளம் வந்த கையோடு பெரும் பங்கு வீட்டுக் கடனுக்குப் போகிறது. இரண்டும் ஒரே கணக்கு இல்லை.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நீ முதலில் சொன்னது, பாத்திரம் தேய்க்க வரும் அக்காவை நிறுத்திவிடலாம் என்பது. நிறுத்தினால் யார் தேய்ப்பார்கள்? கவிதாதான். அவளும் உன்னைப் போல ஆபீஸ் போய்வருகிறவள். நம் குடும்பங்களில் சிக்கனம் என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் இதுதான். வீட்டுக்காரி கடைசியில் சாப்பிடுவாள், மிஞ்சிய குழம்பைத் தன் தட்டில் ஊற்றிக்கொள்வாள், கிழிந்த நைட்டியைத் தைத்துப் போட்டுக்கொள்வாள். உன் ஆச்சி அப்படித்தான் இருந்தார். அதை எல்லோரும் மெச்சினார்கள், யாரும் அவருக்கு ஒரு கரண்டி எடுத்துப் பரிமாறவில்லை.

அதனால் மிச்சம் பிடிப்பதென்றால் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். மாதம் என்ன வருகிறது, என்ன போகிறது என்பது இருவருக்கும் தெரிய வேண்டும். அப்பா அந்தக் காலத்திலேயே சம்பளக் கவரை என் கையில் கொடுத்துவிடுவார். பால் கணக்கு காலண்டரில், மளிகைக் கணக்கு நீள நோட்டில். உங்களுக்கு நோட்டு வேண்டாம், போனிலேயே எழுதலாம். எழுதுவதுதான் முக்கியம், எதில் என்பது இல்லை.

சென்ற முறை வந்திருந்தபோது உங்கள் ஈபி பில்லைப் பார்த்தேன். 540 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம், அது உனக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்று பார்த்தாயா? தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போடுகிறார்கள், அது போகட்டும். 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகையும் போய்விடும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அந்தக் கடைசி 40 யூனிட்டுக்கு மட்டும் நீ 500 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்கிறாய். ஹாலில் ஓடும் பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் சுமாருக்கு அதே காற்றைத் தரும். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஒரே ஒரு ஃபேன்! ஏசியை 20-இல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறீர்களே, 24-இல் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் வரை கரண்ட் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அலுவலகமே சொல்கிறது. ரீடிங் எடுக்க ஆள் வந்துபோன தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் ஆனதும் மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பாதிக் காலத்தில் 250-ஐத் தாண்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பிரிட்ஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. பிரித்த தோசை மாவுப் பாக்கெட் மூன்று. மூன்றும் புளித்துப் பொங்கி நின்றன. அதற்குப் பின்னால் கொத்தமல்லி இரண்டு கட்டு, ஒன்று கறுத்துத் தண்ணீராகிவிட்டது. போனில் ஆர்டர் போட்டால் பத்து நிமிஷத்தில் வரும் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பொருளின் விலை போக டெலிவரி, ஹேண்ட்லிங் என்று அதில் தனியாக வேறு பிடிக்கிறான். வாரம் ஒருமுறை லிஸ்ட் எழுதி வாங்குங்கள், போதும்.

ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைத்தால் மூன்று கிலோ மாவு கிடைக்கும். பாக்கெட் மாவு மூன்று கிலோ என்ன விலை என்று நீயே பார். ஆனால் அந்த மிச்சம் கவிதாவின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வருவதாக இருந்தால் எனக்கு வேண்டாம். நீ ஊறப்போட்டு, நீ அரைத்து, கிரைண்டரையும் நீயே கழுவினால் சரி. முடியவில்லையா, பாக்கெட்டே வாங்கிக்கொள். வாங்கியதை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரி.

இதெல்லாம் நூறு, இருநூறு விஷயம். பெரிய ஓட்டை கிரெடிட் கார்டில் இருக்கிறது. கவிதா சொன்னாள், பில் முழுவதும் கட்டாமல் 'மினிமம் டியூ' என்று போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறாயாம். மீதிப் பணத்துக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி போடுகிறான். நம் ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டி கேட்கிறவனைக் கந்துவட்டிக்காரன் என்று திட்டுகிறோம், அதற்கென்று 2003-இல் சட்டமே வந்தது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், அந்த ஒரு மாத அவகாசமெல்லாம் கிடையாது. பேங்கில் வைத்திருக்கும் பணத்தை எடுத்தாவது இதை முதலில் அடை. எஃப்டிக்கு வருஷத்துக்கு ஆறு, ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு இங்கே நாற்பது கொடுப்பது என்ன கணக்கு? 'நோ காஸ்ட் இஎம்ஐ', அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்லி விற்கும் டிவியும் அப்படித்தான். மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், பிராசஸிங் ஃபீஸ் தனி, வட்டிப் பகுதிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. குழந்தையின் பால், பழம். மெடிக்ளைம் பிரீமியம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கேஸ் டியூப். அந்த அக்காவின் சம்பளம், தீபாவளிக்கு அவருக்கு எடுக்கும் புடவை. வண்டியில் கீரை கொண்டுவருபவரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதே. மாலில் பார்க்கிங்குக்கு எழுபது ரூபாய் கேட்டபோது நீ வாயைத் திறக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பேத்தி பிறந்தநாளுக்கு ஹால் பிடிப்பதாகச் சொன்னாய். உன் பணம், உன் இஷ்டம். கார்டில் மட்டும் போடாதே. வீட்டிலேயே வைத்தால் பாயசமும் வடையும் நான் வந்து செய்கிறேன், கேக் நீங்கள் வாங்குங்கள்.

சித்தப்பா வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறார். கூழ்வத்தல், சாம்பார் பொடி, ஒரு கிலோ கருப்பட்டி கொடுத்துவிடுகிறேன். தாம்பரத்துக்குப் போய் வாங்கிக்கொள். போன தடவை கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு இரண்டையும் மறக்காமல் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா