மால்டாவிலிருந்து அப்பாவுக்கு

ஹம்ரூன், மால்டா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, தம்பி, சின்னத்தை எல்லாரும் நலம்தானே. உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் முகம் பார்த்துக்கொண்டாலும் கைப்பட எழுதினால்தான் கடிதம் என்பீர்கள். குவைத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்து வளர்ந்தவள் நான், இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்தது எனக்கே உறுத்துகிறது. “அங்கே என்ன பாஷைதான் பேசுகிறார்கள்” என்று கேட்டிருந்தீர்கள். சரி, இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

இவர்கள் பாஷைக்கு மால்டீஸ் என்று பெயர். நீங்கள் இங்கே வந்தால் பாதி புரிந்துவிடும் அப்பா. வீஹெத், த்நெய்ன், த்லீத்தா என்று எண்ணுகிறார்கள். உங்கள் குவைத் அரபியின் வாஹித், இத்னேன், தலாத்தாவேதான். 870இல் அரபுக்காரர்கள் தீவைப் பிடித்த பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பேச்சு. ஊரே கத்தோலிக்கர்கள், தெருவுக்கு ஒரு மாதா சிலை, ஆனால் கடவுளை “அல்லா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதிராம்பட்டினம் பாயிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார். எழுதுவது மட்டும் இங்கிலீஷ் எழுத்தில்.

அப்புறம் நார்மன்காரர்கள், சிசிலி ராஜாக்கள், 1530இல் சிலுவைப்படை வீரர்கள், 1798இல் நெப்போலியன், 1800இல் வெள்ளைக்காரன். வந்தவன் எல்லாம் தன் பாஷையில் உத்தரவு போட்டான். கோர்ட்டு, பத்திரம், படித்தவர்கள் பேச்சு எல்லாம் வெகுகாலம் இத்தாலியன்தான். மால்டீஸ் என்றால் அடுப்படியிலும் வயலிலும் பேசுவது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1934இல் வெள்ளைக்காரன் இத்தாலியனைத் தூக்கிவிட்டு மால்டீஸை ஆட்சிமொழி ஆக்கினான். பாசத்தில் இல்லை, இத்தாலியை ஆண்ட முசோலினி மீது இருந்த பயத்தில். 1940 ஜூனில் அதே இத்தாலி விமானங்கள் வந்து குண்டு போட்டன. இப்போது மால்டீஸ் ஐரோப்பிய யூனியனின் ஆட்சிமொழிகளில் ஒன்று. தலைநகர் வாலெட்டா மியூசியத்தில் ஒரு பழைய சலவைக்கல் தூண் இருக்கிறது, ஒரே வேண்டுதலைப் பினீசியம் என்கிற பழங்கால பாஷையிலும் கிரேக்கத்திலும் வெட்டியிருக்கிறார்கள். அதன் ஜோடிக்கல் பாரிஸில். 1758இல் பினீசிய எழுத்தைப் படித்ததே இதை வைத்துத்தான். டிக்கெட் வாங்கியாயிற்றே என்று அதன் முன்னாலேயே வெகுநேரம் நின்றேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால்கனியில் குருவிக்கூண்டுகள் வைத்திருக்கிறார். குருவிகளிடம் இத்தாலியனில் பாட்டு, பாட்டியிடம் மால்டீஸில் சண்டை, நாயிடமும் என்னிடமும் இங்கிலீஷ். இத்தாலியன் எங்கே படித்தீர்கள் என்றால் டிவியில் என்கிறார். சிசிலி கடலுக்கு அந்தப் பக்கம் சுமார் 90 கிலோமீட்டர்தான், ஆன்டெனா வைத்தால் அங்கத்தி சேனல் வந்துவிடுமாம். கோர்ட்டிலிருந்து துரத்திய பாஷை மாடி வழியாக உள்ளே வந்திருக்கிறது!

அவருக்கு எங்கள் மேல் ஒரு கோபமும் உண்டு. “என் ஊரில் ரொட்டி வாங்க நான் இங்கிலீஷ் பேச வேண்டியிருக்கிறது” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நியாயம்தான். 2021 கணக்கெடுப்பிலேயே ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். கடையில் நேபாளி, பஸ்ஸில் நம்ம ஊர்க்காரர், முதியோர் இல்லத்தில் நாங்கள். சொன்ன கையோடு சுடச்சுடப் பட்டாணி வைத்த பாஸ்டிட்ஸி நாலு கொடுத்துவிட்டுப் போனார். நம்ம பேக்கரி பப்ஸ் மாதிரிதான், நெய் கையில் வழிகிறது. முயல்கறிக்கும் கூப்பிடுகிறார், இன்னும் மனசு வரவில்லை.

குளிர் பனிக்குளிர் இல்லை, ஈரக்குளிர். சுண்ணாம்புக்கல் வீடு, சுவரெல்லாம் கசியும், போர்வை காய்வதே இல்லை. ஹீட்டர் இருக்கிறது, எனக்குத்தான் அந்தச் சூடு ஒத்துக்கொள்வதில்லை. கூட இருந்த பெண் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள், அறை தாராளமாக இருக்கிறது.

வேலையில் என் பொறுப்பில் ஒரு பாட்டி. ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது, முதலில் போனது இங்கிலீஷ். தண்ணீருக்கு “இல்மா” என்கிறது, அதற்குமேல் எனக்கு அரைகுறை. ஒருநாள் சூப் ஊட்டும்போது, “இன்னும் ஒரு வாய் ஆத்தா, அவ்வளவுதான்” என்று தமிழில் வந்துவிட்டது. வாயைத் திறந்தது அப்பா. அதிலிருந்து தமிழில்தான் பேசுகிறேன். அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு, கொல்லைப்புறக் கிணறு, தம்பி தென்னையிலிருந்து விழுந்தது எல்லாம் சொல்லியாயிற்று. அது பாட்டுக்கு மால்டீஸில் பதில் சொல்லும். நாள் முழுக்க நான் தமிழ் பேசுவது அங்கே மட்டும்தான். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

இந்த மாதப் பணம் பத்துத் தேதிக்கு மேல்தான் வரும். கார்டு புதுப்பிக்கக் கட்ட வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. கூட்டுறவு பேங்கில் நகை மறுஅடகு தேதி தை மாதமா, மாசியா? வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வையுங்கள், ஏலத்துக்கு விட்டுவிடாதீர்கள். அக்கா வளைகாப்புக்குச் சீர் குறைத்துச் செய்ய வேண்டாம், அவள் மாமியார் வாய் தெரியும்தானே. வரப்புத் தகராறுக்குக் கீழத்தெரு மாமா வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள், தம்பியைக் கூட்டிப்போங்கள். அளந்தால் சர்வேயர் கையெழுத்து வாங்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டைப் படம் எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள்.

அன்பு மகள்
சுகன்யா