பள்ளி திறந்தாச்சு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கிவிட்டன. பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை எல்லாம் வர வரக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எதற்கும் யாரும் காசு தர வேண்டியதில்லை. காலை உணவும் பள்ளியிலேயே உண்டு. 8.30 மணிக்குள் பிள்ளை வந்துவிட்டால் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

இந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சின்னப் பிள்ளை என்றால் பக்கத்து வீட்டு அக்காவோ அண்ணனோ வாசித்துக் காட்டட்டும்.

நம் ஊரில் தாய்மார்கள் பலர் பீடி சுற்றுகிறீர்கள். பிள்ளையைச் சேர்க்க வரும்போது, "எனக்குப் படிப்பு கிடையாது டீச்சர், நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரும் தினமும் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிப்பதை ஓர் ஆசிரியரால் கேட்க முடியாது. உங்களால் முடியும். சாயங்காலம் பீடித் தட்டை மடியில் வைத்து உட்காரும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். கை வேலையைப் பார்க்கட்டும், காது பிள்ளை பக்கம் இருக்கட்டும். இதற்குப் படிப்பு தேவையில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே பக்கம் முழுவதையும் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். கேட்பவர்களுக்கு வாசிப்பது போலவே இருக்கும். அப்போது நடுவில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். உடனே சொன்னால் பிள்ளை வாசிக்கிறது. முதல் வரியிலிருந்து திரும்ப ஒப்பித்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்தால் எழுத்து இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பில்தான் தடுமாறுவார்கள். திட்ட வேண்டாம். மறுநாள் வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். "மூணாம் வகுப்புக்கு வந்தாச்சு, இன்னும் ஏன் அரும்பு?" என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். அது ஃபெயில் இல்லை. பிள்ளைக்கு எது தெரியுமோ அங்கிருந்து தொடங்குகிறோம், அவ்வளவுதான். தயவுசெய்து அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வீட்டில் பேசாதீர்கள். அந்தப் பேச்சு மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிகிறது.

வீட்டில் ஆச்சி, தாத்தா இருந்தால் விடுகதை போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும், வகுப்பில் எல்லோரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்போம். கடைக்கு அனுப்பும்போது ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேட்டு அனுப்புங்கள். கடன்வாங்கிக் கழித்தல் இப்படித்தான் மனதில் நிற்கும்.

அப்புறம், லீவு. கோயில் கொடைக்கு மூன்று நாள் என்றால் சரி, ஊர் கூடும் விசேஷம், பிள்ளைகள் இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வாரம் போய்விட்டால், திரும்பி வரும் பிள்ளை மற்றவர்கள் போடும் கணக்கைப் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. விட்ட பாடத்தைப் பிடிக்க ஒரு மாதம் ஆகிவிடுகிறது.

இன்னொன்றை உரிமையோடு சொல்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை பீடி மடக்கவும் நூல் கட்டவும் உட்கார வைக்காதீர்கள். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை இந்த வேலையில், வீட்டில் வைத்துக்கூட, ஈடுபடுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. புகையிலைத் தூளும் அந்த வயதுக்கு ஆகாது. ஒரு கட்டு கூடுதலாகச் சுற்றினால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றிய அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்க நாங்கள் உதவுகிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் வராதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்கள். போன வருடம், கைகழுவும் குழாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்று ஒரு தாய் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அடுத்த மாதமே தாழ்வாக இரண்டு குழாய் போட்டோம். குழுவில் இல்லாதவர்களும் வந்து பேசலாம்.

கூட்டம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி விட்ட பிறகு மாலை 5 மணி வரை நான் அலுவலக அறையில்தான் இருப்பேன். வேலைக்குப் போய்விட்டு வரும் வழியில் அப்படியே எட்டிப் பார்த்து, "என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேளுங்கள். நோட்டை எடுத்துக் காட்டிச் சொல்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி