கூச்சத்தில் என்னைச் சாகவிடாதவர்களுக்கு

மாசி மாதம் எனக்கு இடுப்பில் அடிபட்டது என்றுதான் பர்மாவின் பெகு ஊரில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். அது பொய். மூடியில்லாத ஆலை பெல்ட் கைலியைச் சுருட்டி இழுத்ததில் கைலியோடு ஆண்குறித் தோலும் விதைப்பைத் தோலும் உரிந்து போய்விட்டன.

என்ஜின் அண்ணனுக்கு முதல் நன்றி. ஓடிவந்து மெஷினை நிறுத்தினீர்கள், குடிக்க வைத்திருந்த ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் போர்த்தினீர்கள், யாரோ காப்பித்தூள் வைத்து அமுக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டீர்கள். அந்தத் தூளை வைத்திருந்தால் கழுவி எடுக்கவே பெரும்பாடாக இருந்திருக்கும் என்று பிறகு சயா (டாக்டரை இங்கே இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார். ரங்கூன் வரை 50 மைல், வேன் முழுக்க என் கையை விடாமல் வந்த கணக்குப்பிள்ளை மாமாவையும், ரத்தம் கொடுக்கப் பின்னாலேயே வந்த காவடிக்காரப் பையன்களையும் மறக்கமாட்டேன்.

சயா, நீங்கள் முதலில் சொன்ன வார்த்தைதான் எனக்கு உயிர் கொடுத்தது: விதை இரண்டும் முழுசாக இருக்கின்றன, மூத்திரக் குழாய் கிழியவில்லை, போனது தோல்தான். உரிந்த தோல் நசுங்கி, உமியும் கிரீஸுமாக இருந்ததால் திரும்ப ஒட்ட முடியவில்லை. விதைகளைத் தொடைத் தோலுக்கு அடியில் சில வாரம் வைத்தீர்கள். உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து உருவாகும், வயிற்றுக்குள் வைத்தால் கெட்டுவிடும் என்று படம் போட்டு விளக்கினீர்கள். அப்புறம் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து, விதைப்பைக்கு, தோலின் அடியில் நீர் தேங்காதபடி வலை மாதிரி துளையிட்டும், ஆண்குறிக்கு முழு ஏடாகவும் ஒட்டினீர்கள். 5 நாள் கட்டைப் பிரிக்கவில்லை. ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் எனக்கு அதிகம் வலித்தது!

நர்ஸ் சயாமா, மூத்திரம் போக வைத்திருந்த ரப்பர் குழாயைத் தினமும் சுத்தம் செய்ய வரும்போது நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன், நீங்களோ காலில் கட்டுக் கட்டுகிற மாதிரி ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலையை முடிப்பீர்கள். அந்தப் பேச்சில்தான் என் கூச்சம் போனது. என் மனைவியையும் தனியே உட்காரவைத்து, பயப்படாதே, எல்லாம் இருக்கிறது என்று சொன்னீர்களாம்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. திங்கட்கிழமை காயத்தைக் காட்ட வரும்போது என் மனைவி இதைப் பர்மிய மொழியில் படித்துச் சொல்வாள்.