மிலிட்டரி சார், சேர்மன் சார்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். நீர்ப்பனி விழ ஆரம்பித்துவிட்டது, காலையில் வெயில் ஏறும்வரை யாரும் தோட்டத்தில் இறங்குவதில்லை. பச்சைத் தேயிலை விலைதான் கவலையாக இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டு வலி இந்தக் குளிரில் கொஞ்சம் அதிகம், மற்றபடி நன்றாக இருக்கிறார்.

உன் மகளைப் பற்றி எழுதியிருந்தாய். 2022 தேர்தலில் அவள் பேரூராட்சிக் கவுன்சிலர் ஆனபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! இப்போது, ‘ஒரு தெருவிளக்கு மாட்டக்கூட அலுவலகத்தில் கெஞ்ச வேண்டியிருக்கிறது, எதற்கு இந்தப் பதவி’ என்கிறாளாமே. படித்ததும் எனக்கு நம் புவியியல் வாத்தியார் மிலிட்டரி சார் ஞாபகம்தான் வந்தது. நீ ஊரை விட்டுப் போன பிறகுதான் அவர் நம் பேரூராட்சித் தலைவர், அதாவது சேர்மன் ஆனார். அந்த ஐந்து வருஷக் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். அவளுக்கும் படித்துக் காட்டு.

1962 சீனப் போருக்குப் பிறகு பட்டாளத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள் இல்லையா, அப்போது இருபத்தோரு வயதில் சேர்ந்தவர் அவர். கல்விப் பிரிவில் ஹவில்தார். நம் குன்னூர் பக்கத்து வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில், தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு வந்து இறங்கும் பையன்களுக்கு ரோமன் எழுத்தில் இந்தி சொல்லிக்கொடுத்தார். ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்ற ரெஜிமெண்ட் போர்முழக்கத்தை ஒரு தடவை முழங்கிக் காட்டச் சொல்லி வகுப்பில் எவ்வளவு கெஞ்சியிருப்போம், அசைந்தே கொடுக்கமாட்டார். 1971 போரின்போது மேற்கு எல்லையில் இருந்தார். அதைக் கேட்டால் இன்லண்ட் லெட்டர் கதையைத்தான் சொல்வார். எழுத வராத ஜவான்கள் சாயங்காலம் அவரைச் சுற்றி உட்காருவார்களாம். ஊர்ப் பெயர் போடக் கூடாது, ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும்தான் முகவரி. சண்டை முடிந்த பிறகும் பதில் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன, சிலவற்றை வாங்க ஆள் இல்லை என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பென்ஷனோடு வந்து பி.எட். முடித்து நம் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தார். மழையில் நம்மை வெளியே கூட்டிப்போன அந்த வகுப்பு நினைவிருக்கிறதா? சோலைக்குள்ளிருந்து வரும் நீரை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடிக்கச் சொன்னார், புதிதாக வெட்டிய சரிவிலிருந்து வரும் நீரை இன்னொன்றில். இரண்டையும் ஜன்னல் ஓரத்தில் வைத்தார். ஒன்றில் தண்ணீர் தெளிவாக இருந்தது, மற்றதில் மறுநாள் பார்த்தால் இரண்டு விரல் உயரத்துக்கு மண் படிந்திருந்தது. ‘மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகுது, கணக்கு வெச்சுக்கோ’ என்றார். பிற்பாடு அவர் சேர்மனாகச் செய்ததெல்லாம் அந்தப் பாட்டிலில் இருந்துதான் வந்தது என்று எனக்குத் தோன்றும்.

ஓய்வு பெற்ற பிறகு 2001-ல் சுயேச்சையாக நின்றார். அப்போது தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரிடம் படித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் போட்ட ஓட்டிலேயே ஜெயித்துவிட்டார். உட்கார்ந்து பார்த்தால் நாற்காலி மட்டும்தான் இருந்தது. கையெழுத்தும் கோப்பும் செயல் அலுவலரிடம். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், நிதிக்குழு மானியம் என்று வருவதில் சம்பளமும் மின்கட்டணமும் போக மிச்சம் சொற்பம். நடுவில் 2004-ல் பேரூராட்சிகளையெல்லாம் சிறப்பு ஊராட்சி ஆக்கி, 2006-ல் மறுபடி பேரூராட்சி ஆக்கினார்கள், அந்தக் குழப்பம் வேறு.

அவர் செய்த முதல் வேலை நடந்ததுதான். காலை ஆறு மணிக்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக, வால்வு திறக்கிறவரோடு ஒரு நாளைக்கு ஒரு தெரு. சட்டைப் பையில் சின்ன நோட்டு. அந்த நோட்டுகளில் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. ‘மேல்தெரு 3-வது குழாய், வாஷர் தேய்ந்தது. சர்ச் பக்கம் பாலத்தடியில் மண் அடைப்பு, 2 ஆள், அரை நாள். கீழ்லைன் கடைசி வீட்டுப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மனு.’ பக்கம் பக்கமாக இப்படியே. முடிந்த வேலைக்குச் சிவப்பு மையில் டிக், நம் பரீட்சைத் தாளில் போடுவாரே அதே டிக். ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரிலுள்ள அத்தனை சாக்கடையும் மோரியும் தூர் வாரியாக வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான் என்பார். மன்றக் கூட்டத்தில் அந்த நோட்டைத் திறந்து வாசித்தால் யாராலும் மறுத்துப் பேச முடியாது. ‘நிதி இல்லை’ என்றால், ‘வாஷருக்குமா?’ என்று அமைதியாகக் கேட்பார்.

பெரிய சண்டை வந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையில். கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் லாட்ஜ் கட்ட, ஓடைமேல் கான்கிரீட் தளம் போட்டு வண்டி நிறுத்தலாம் என்று திட்டம் கொண்டுவந்தார். வருமானம் வரும் என்று முக்கால்வாசி உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டார்கள். சார் சர்வேயரிடம் புல வரைபடம் வாங்கி, டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டார். வரைபடத்தில் ஆறு மீட்டர், இடத்தில் இரண்டுகூட இல்லை. தளம் நின்றது. ஆனால் அதே ஓடைப் புறம்போக்கில் ஏழைகளும் இருந்தார்கள், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. லாட்ஜ்காரருக்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயம் என்று அவரால் சொல்ல முடியவில்லை, விரட்டவும் மனசில்லை. திங்கட்கிழமை தவறாமல் மனுவைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போவார். சிலருக்கு மேலே மனை கிடைத்தது, சிலருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இதில் அவர் பாதிதான் ஜெயித்தார். அந்த மீதிப் பாதி அவருக்கு இன்னும் ஆறவில்லை.

2006-ல் முறை மாறி, கவுன்சிலர்களே தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் வார்டில் ஜெயித்தார், தலைவர் பதவி கிடைக்கவில்லை. ஓடையை அளந்ததுதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். சாதாரணக் கவுன்சிலராக அதே நோட்டோடு நடந்துகொண்டிருந்தார்.

அப்புறம்தான் 2009 நவம்பர். 10-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் கேத்தியில் 82 செ.மீ. மழை! நம் நீலகிரி மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மண்ணில் போனார்கள். ரோடு இல்லை, கரண்ட் இல்லை, மலை ரயில் பாதை அரித்துப் போயிற்று. நம் ஓடையும் கரை தொட்டுத்தான் ஓடியது, ஆனால் உடைக்கவில்லை. அவரால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், மலையின் கணக்கு மனிதனுக்குத் தெரியாது. ஆனால் தளம் போட்டு மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் எந்த வீட்டுக்குள் போயிருக்கும் என்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அன்று ராத்திரி நம் பள்ளிக்கூடத்தில்தான் ஜனங்களைத் தங்கவைத்திருந்தோம். குழந்தைகள் அழுகை, ஈரத் துணி, ஒரே கூச்சல். சார் அறுபத்தெட்டு வயதில் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தார். பத்தாம் வகுப்பு அலமாரியிலிருந்து ஒரு வருகைப் பதிவேட்டை எடுத்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தெருத் தெருவாகப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். ‘உள்ளேன் ஐயா’ என்று கிழவிகள்கூடச் சொன்னார்கள். கீழ்லைன் வந்தபோது இரண்டு பேருக்குப் பதில் வரவில்லை. உடனே நாலு பையன்களைக் கயிறும் டார்ச்சுமாக அனுப்பினார். மாட்டுக் கொட்டகையில் ஒரு தாத்தாவும் பேத்தியும் மாட்டை விட்டுவர மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டி வந்தோம். யார் எந்த வீடு, எத்தனை பேர் என்று அவருக்கு மனப்பாடம், வேறு யாராலும் அந்த ராத்திரி அந்தப் பட்டியலைப் போட்டிருக்க முடியாது.

எண்பதைத் தாண்டிவிட்டார், இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறார். மே மாத சீசன் கூட்டத்தில் வராதீர்கள், ஜனவரியில் மகளைக் கூட்டிக்கொண்டு வா, நம் வீட்டிலேயே தங்கலாம். பத்து மணிக்கு மேல் பார்க்கலாம். இடது காது கேட்காது, வலது பக்கம் உட்காரச் சொல். வருவதற்கு முன்னால் அவள் தன் வார்டை ஒரு சுற்று நடந்து, எந்தக் குழாய், எந்த மோரி என்று எழுதிக் கொண்டுவரட்டும், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். டீக்குத் தொட்டுக்கொள்ள ஊட்டி வர்க்கி வாங்கி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரன்